ஆயாவுக்கு ஐபேடா, ஆண்ட்ராய்டு டேபா? வீடியோ காலுக்கு எது நல்லது?

காரைக்குடிப் பேரன்:
காரைக்குடி வீட்டில் ஆயாவும் (அம்மாவின் அம்மா) துணைக்கு ஒரு அம்மாவும்தான் இருக்கிறார்கள். பெரிய அம்மான் சிங்கப்பூர், சின்ன அம்மான் துபாய், அக்கா டெக்சாஸ், நான் சென்னை. ஆயாவிடம் இருப்பது பட்டன் போன், பார்வை மங்கிவிட்டதால் சின்னத் திரை ஒத்துவராது. எங்கள் நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்குள் ஒரு டேப் வாங்கி வைத்துவிட வேண்டும், ஆயா இழை (நூல்திரி ஏற்றிய மாவு) எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் எல்லாரும் அங்கங்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. பெரிய அம்மான் ஐபேட்தான் வேண்டும் என்கிறார், அவர் வீட்டில் எல்லாமே ஆப்பிள். ஆண்ட்ராய்டிலோ அதைவிடக் குறைந்த விலைக்கே பெரிய திரை கிடைக்கிறது. வாட்ஸ்அப், ஆப்பிளின் ஃபேஸ்டைம், கூகுள் மீட், ஜூம் இதில் எது, அதற்கு எந்த டேப்?

தேவகோட்டை மருமகள்:
வயதானவர்களுக்கு என்றால் யோசிக்காமல் ஐபேட் வாங்குங்கள். 2023-ல் வந்த ஐபேட் ஓஎஸ் 17-லிருந்து அசிஸ்டிவ் ஆக்சஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் திரையில் நாலைந்து பெரிய கட்டங்கள்தான் தெரியும், யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர் படத்தைத் தொட்டால் போதும், தப்பாக எதையாவது தட்டி அமைப்பைக் கலைத்துவிடுவார்களோ என்ற பயமே இல்லை. ஃபேஸ்டைமுக்கு சிம்மும் வேண்டாம், ஆப்பிள் கணக்குக்கு ஒரு ஈமெயில் இருந்தால் சரி. அப்புறம் ஐபேட் ஓஎஸ் 18 வந்தபின், ஆயா திரையைப் பகிர்ந்தால் உங்கள் அம்மான் சிங்கப்பூரில் இருந்தபடியே அதை இயக்கிச் சரிசெய்யலாம். எங்கள் அப்பத்தாவுக்கு இதுதான் பெரிய உதவி, ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பையனைத் தேட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், பழைய மாடல் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். சாதாரண ஐபேடில் 2022-ல் வந்த பத்தாம் தலைமுறையில்தான் முன்கேமரா நீளவாட்டு விளிம்புக்கு வந்தது. அதற்கு முந்தியதை ஸ்டாண்டில் படுக்கையாக வைத்தால் கேமரா ஓரத்தில் இருக்கும், அப்பத்தா எங்கேயோ பார்த்துப் பேசுகிற மாதிரியே தெரியும்.

பள்ளத்தூரான்:
அக்கா சொன்னது சரி, ஆனால் அது எல்லாரும் ஆப்பிள் வைத்திருக்கிற குடும்பத்துக்கு. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் ஃபேஸ்டைமில் லிங்க் வழியாக பிரவுசரில் சேரலாம், 2021-லிருந்து அது உண்டு, ஆனால் அவராக ஆயாவைக் கூப்பிட முடியாது. நம் ஊரில் சொந்தபந்தம் முழுக்க வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது, ஐபேடுக்கு வாட்ஸ்அப் வந்ததே 2025 மே மாதம்தான், அதுவும் ஒரு போனில் ஓடுகிற கணக்கோடு இணைத்துத்தான் போட வேண்டும். அந்தப் போனை 14 நாள் தொடாமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். ஆயாவிடம் இருப்பது பட்டன் போன் என்கிறீர்கள், அப்படியானால் ஆண்ட்ராய்டு டேபில் அந்த நம்பரையே பதிவு செய்து, ஓடிபி பட்டன் போனுக்கு வந்ததும் பார்த்துப் போட்டுவிடலாம், வேலை முடிந்தது. ஆனால் ரொம்ப மலிவானதை வாங்காதீர்கள், அப்டேட் நின்றுபோனால் கொஞ்ச வருஷத்தில் செயலிகள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும். எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கண்டனூர் துபாய்வாசி:
நீங்கள் இரண்டு பேரும் துபாயை மறந்துவிட்டீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் காலும் ஃபேஸ்டைமும் தடை, மெசேஜ் மட்டும் போகும். இங்கே இருப்பவர்கள் ஊருக்குப் பேசுவது பெரும்பாலும் போட்டிம் (Botim) என்ற செயலியில்தான். மீட், ஜூம் இரண்டுக்கும் அனுமதி உண்டு. தம்பி, சின்ன அம்மானையும் சேர்க்க வேண்டும் என்றால் முதலில் செயலியை முடிவு பண்ணுங்கள், டேப் அப்புறம். நோன்பு அன்றைக்கு நாங்கள் ஒருத்தர் மட்டும் முகம் தெரியாமல் போனில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவனுக்குத்தான் தெரியும்.

காரைக்குடிப் பேரன்:
துபாய் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே, நன்றி. அப்படியானால் நோன்புக்கு ஜூமா மீட்டா?

பள்ளத்தூரான்:
மீட். ஜூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிஷம், மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிஷம். நிறையப் பேர் வரிசையாக இழை எடுக்கிற வீட்டில் அதுவும் போதாமல் போகலாம், நேரம் முடிந்ததும் அதே லிங்க்கை மறுபடி தட்டச் சொல்லி எல்லாருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். மீட் எந்த டேபிலும் ஒன்றுபோலத்தான் ஓடும், அதனால் உங்கள் கணக்குக்கு ஆண்ட்ராய்டே போதும், தினப்படி பேச்சுக்கு வாட்ஸ்அப், துபாய்க்கு போட்டிம்.

தேவகோட்டை மருமகள்:
தூரத்திலிருந்து சரிசெய்ய ஆள் வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள், ஆண்ட்ராய்டு என்றால் தூரத்திலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியையாவது முதல் நாளே போட்டுவையுங்கள். இன்னொன்று, டேபைவிட வீடுதான் சோதிக்கும். ரௌட்டர் முகப்பில் இருக்கும், ஆயா இருப்பது உள்ளே இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது பகுதி), நடுவில் அந்தத் தடிமனான சுவர்களைத் தாண்டி சிக்னல் போகவே போகாது. கேபிள் இழுத்து உள்ளே இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். ஆயாவை முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும், வெளிச்சத்தைப் பார்த்து உட்காரட்டும். கேபிளைக் கதவு நிலைக்கு மேல் விளிம்போடு கொண்டுபோகச் சொல்லுங்கள், தேக்குத் தூணில் ஆணி அடிக்க விடாதீர்கள்.