டீரெயிலருக்குத் தமிழ் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

சைக்கிள் பழுதுபார்க்கும் பயிற்சிக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். செயின், பெடல், ஃப்ரீவீல் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது ஆறாம் பாடத்தில். கியர் வண்டி வாங்கும்போது மட்டமானதையும் நல்லதையும் எப்படிப் பிரித்தறிவது என்பது பாடம். ஹேண்டில்பாரில் இருக்கும் ஷிஃப்டர், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளும் டீரெயிலர், பெடலிலிருந்து பின்சக்கரம் வரை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் டிரைவ்டிரெய்ன். இந்த மூன்றுக்கும் சொல் வேண்டும். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

– ம.

*

தம்பி ம.,

டீரெயிலர் பிரெஞ்சுச் சொல். தண்டவாளத்தை விட்டு இறக்குவது என்று பொருள். ரயில் தடம் புரண்டது என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோமே! புரள் தன்வினை, புரட்டு பிறவினை. இகர விகுதி சேர்த்தால் புரட்டி. மண்வெட்டி, தேங்காய்த்துருவி போல. ஆகவே தடம்புரட்டி. இன்னொரு நயமும் உண்டு. உரியியலில் ‘தடவென் கிளவி கோட்டமும் செய்யும்’ என்கிறார் தொல்காப்பியர். கோட்டம் என்றால் வளைவு. கியர் மாறும்போது சங்கிலி கோணித்தானே அடுத்த பல்லுக்குப் போகிறது? தடம் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தக் கோணல் இருக்கிறது பாருங்கள்.

கியருக்குப் பல்லிணை என்பதால் ஷிஃப்டருக்குப் பல்லிணைமாற்றி. டிரைவ்டிரெய்னுக்கு உந்துதொடர்.

– தா.

*

தா. ஐயா, கோபப்படக் கூடாது. நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். புரட்டு என்றால் எங்கள் ஊரில் பித்தலாட்டம். ‘உங்க வண்டியில தடம்புரட்டி போயிருச்சு’ என்று சொல்லிக் காசு கேட்டால் யார் புரட்டன் என்று வாடிக்கையாளர் முடிவு செய்துவிடுவார். கடைப் பையன்கள் முன் டிரெய்லர், பின் டிரெய்லர் என்கிறார்கள். லாரி இழுக்கிற டிரெய்லர் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

ம. தம்பி, சொல்லை விடுங்கள், பாடத்தில் இதைக் கட்டாயம் எழுதுங்கள். 21 கியர் என்று சொல்லி விற்பார்கள். அது முன்னே 3 பல்சக்கரம், பின்னே 7, பெருக்கினால் 21. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பின் டிரெய்லரில் செயின் ஓடும் கூண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மட்டமானதில் தகடும் புஷ்ஷும் கடகட என்று ஆடும். ஆட்டம் இருந்தால் கியர் கம்பியை எவ்வளவு முறுக்கினாலும் கியர் சரியாக உட்காராது. அப்புறம் பின்பல் அடுக்கு. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் மரையில் திருகி மாட்டினது என்றால் வலதுபக்க பேரிங் உள்ளே தள்ளிப் போயிருக்கும், அச்சு நீட்டிக்கொண்டு நிற்கும். மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் இறக்கினால் வளைந்துவிடும். திருகாமல் செருகி மாட்டுகிற கேசட் வகையில் பேரிங் ஓரத்திலேயே உட்கார்ந்து தாங்கும்.

– செ.

*

யாழ்ப்பாணத்திலிருந்து என் பங்கு. இங்கே பாடப்புத்தகத்தில் பல்சக்கரத்தைப் பற்சில்லு என்றால் பிள்ளைகளுக்கு விளங்கும். வீதியில் சக்கரத்தைச் சைக்கிள் சில்லு என்றுதான் கதைக்கிறோம். பல்லிணையில் எனக்கு ஒரு சந்தேகம்: பல் + இணையா, பல + இணையா? இரண்டும் பொருந்துகிறது, அதுதான் கஷ்டம்.

ஷிஃப்டருக்கு ஒரு சொல் போதாது. பழைய வகையில் நெம்புகோலை நகர்த்திக்கொண்டே போய், சத்தம் அடங்குகிற இடத்தில் நிறுத்தவேண்டும். 1984இல் ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனம் தன் டூரா-ஏஸ் உதிரிபாகத் தொகுப்பில் கொண்டுவந்த முறையில் ஒரு சொடுக்குக்கு ஒரு பல். தரம் பார்ப்பவர் முதலில் கவனிப்பது அந்தச் சொடுக்குத்தான். ஆகவே பழையதற்கு இழைமாற்றி, புதியதற்குச் சொடுக்குமாற்றி என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

தா. ஐயாவுக்கு ஒரு செய்தி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை டீரெயிலருக்கு இடமில்லை. அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சு, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் கியர் என்ற கட்சி. அங்கேயும் ஒரு தூய்மைவாதி!

– ரா.

*

தெகிராஞ்சோடு என்னைச் சேர்த்ததற்கு நன்றி. நான் கியரை எதிர்க்கவில்லை, கியர் என்ற சொல்லைத்தான் எதிர்க்கிறேன். சொடுக்கு ஏற்கெனவே கணினி எலிக்குப் போய்விட்டது. எந்தப் பல் என்று சுட்டி நிற்பதால் சுட்டுமாற்றி என்று வைத்தால் அகரச் சுட்டு, இகரச் சுட்டு எல்லாம்...

– தா.

*

ஐயா, சுட்டு என்றதும் வடைதான் ஞாபகம் வருகிறது. புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் படித்தார்கள். ஈருருளி என்று சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிப்பேர் ஏறியிருக்கவே மாட்டார்கள்.

– செ.

*

அது வேறு, இது வேறு. சைக்கிள் தமிழாகிவிட்டது. வடசொல்லுக்கே ‘வடவெழுத் தொரீஇ’, அதாவது வடவெழுத்தை விட்டுத் தமிழெழுத்தால் எழுதலாம் என்று வழிவிட்டவர் தொல்காப்பியர். டீரெயிலர் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. இப்போது தடுக்காவிட்டால் எப்போது?

– தா.

*

அனைவருக்கும். ஞாயிறு இரவு பதினொன்று.

ஷிஃப்டர் கியர்மாற்றி, இதில் மற்றவர்கள் ஒரு பக்கம், ஐயா மறுபக்கம். சொடுக்குமாற்றியை அதன் உள்வகையாக வைத்துவிட்டேன். டீரெயிலருக்குச் சங்கிலிமாற்றி என்று எழுதிச் செ. அண்ணனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். ‘சங்கிலி மாத்தித் தாங்கன்னு ஆள் வந்து நின்னா நான் புதுச் செயின்தான் போடுவேன்’ என்றார். நியாயம்தான். ஆகவே சங்கிலி நகர்த்தி. டிரைவ்டிரெய்னுக்கு எதுவும் அமையவில்லை. பாடம் முழுக்க ‘செயினும் பல்லும்’ என்று எழுதிச் சமாளித்திருக்கிறேன்.

– ம.

*

நகர்த்துவது வேறு, புரட்டுவது வேறு. கோட்டம் போய்விட்டது. என் மாறுபாடு பதிவில் இருக்கட்டும். போடத்தான் போகிறீர்கள் என்றால் சங்கிலிநகர்த்தி என்று சேர்த்து எழுதுங்கள். ‘ந’ மெல்லினம், நடுவில் ஒற்று போட்டுவிடப் போகிறார் அச்சுக்கோப்பவர்.

– தா.