அரக்கோணத்துக்கு மேலே சுற்றுகிற நேவி விமானம் நீர்மூழ்கியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

ரயிலடி ராசு கேட்டது:

எங்கள் வீடு அரக்கோணம் பக்கம், ராஜாளி கடற்படைத் தளத்துக்கு விமானம் இறங்குகிற பாதையில் வருகிறது. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்டுச் சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதை விடுங்கள். சின்ன வயதில் இங்கே பெரிய ரஷ்ய விமானம் ஒன்று பறக்கும், நான்கு எஞ்சின், காற்றாடி வைத்தது, அது கிளம்பினால் அடுப்படியில் பாத்திரம் அதிரும். இப்போது வருவது அப்படியில்லை, நாம் டிக்கெட் எடுத்துப் போகிற போயிங் மாதிரியே இருக்கிறது. சாம்பல் நிறம், பக்கவாட்டில் ஜன்னல் கிட்டத்தட்ட இல்லை, வாலில் ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும்.

நேற்று மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒன்று தாழ்வாகப் போனது. "கடலுக்கு அடியில இருக்கிற கப்பலைத் தேடுற விமானம்" என்று என் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "தண்ணிக்குள்ள இருக்கிறது மேல இருந்து எப்படிப்பா தெரியும்?" என்றாள். கேமரா இருக்கும் என்றேன். "நம்ம கிணத்துலயே அடி தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும், எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக.

மின்னல்07:

எல்லாம் சாட்டிலைட் பாஸ். மேலே இருந்து பார்த்து இடத்தைச் சொல்லிவிடுவார்கள், விமானம் போய்க் குண்டு போடும், அவ்வளவுதான்.

வானம்பார்த்தான்:

மின்னல், அப்படி நடந்தால் நீர்மூழ்கி என்ற ஒன்றையே யாரும் கட்டமாட்டார்கள். துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது சாட்டிலைட் படம் எடுக்கும், உண்மை. முங்கிப் போன பிறகு அதற்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சமே 200 மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய இல்லை. ரேடார் அலை உப்புத்தண்ணீரின் மேல்தோலைக்கூடத் தாண்டாது. நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி சொல்வதற்கே திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்று தனியாக ஒரு தளம் வைத்து, மிகக் குறைந்த அதிர்வெண்ணில் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதுவும் சில மீட்டர் ஆழம்வரைதான் நன்றாக இறங்கும்.

ராசு அண்ணா, நீங்கள் பார்ப்பது பி-8ஐ. போயிங் 737-800 உடம்பு, 737-900 இறக்கை, அதனால்தான் பயணிகள் விமானம் மாதிரித் தெரிகிறது. 2009 ஜனவரியில் 8 விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் 210 கோடி டாலர். முதல் விமானம் 2013 மே மாதம் உங்கள் ஊரில்தான் வந்து இறங்கியது. பிறகு இன்னும் 4 வாங்கினார்கள், ஆக மொத்தம் 12, அரக்கோணத்தில் ஒரு படைப்பிரிவு, கோவாவில் ஒன்று. உங்கள் வீட்டுப் பாத்திரத்தை அதிரவைத்தது டியூ-142, 2017 மார்ச்சில் அதே அரக்கோணத்தில் விடைகொடுத்து அனுப்பினார்கள். நான்கு எஞ்சினிலும் இரண்டிரண்டு காற்றாடி ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும், அந்தச் சத்தம் அதனால்தான்.

கேள்விக்கு வருகிறேன். உங்கள் பெண் சொன்னது சரி, பார்க்க முடியாது. கேட்பார்கள். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல், தூரமும் அதிகம். ஆனால் விமானம் காற்றில் இருக்கிறது, காது தண்ணீரில் இருக்க வேண்டும். அதனால் காதைக் கீழே போடுகிறார்கள். சோனோபாய் என்று பெயர், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒரு குழாய். விமானத்திலிருந்து விழும்போது சின்னப் பாராசூட் விரியும், தண்ணீரைத் தொட்டதும் உப்புநீர் பட்டு உள்ளே பேட்டரி உயிர்பெறும், ஆன்டெனாவோடு ஒரு பாதி மிதக்கும், இன்னொரு பாதி கம்பியில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கும். அந்தக் கீழ்ப்பாதியில் ஹைட்ரோஃபோன், அதாவது நீருக்கடி மைக். அது கேட்பதை மேல்பாதி ரேடியோவில் விமானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். குறித்த நேரம் முடிந்ததும் தானே மூழ்கிவிடும், திரும்ப எடுக்கிற வேலையெல்லாம் கிடையாது.

ஒன்று போட்டால் போதாது. மீன்வலை விரிக்கிற மாதிரி வரிசையாகப் போடுவார்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் சொல்கிற ரகம் இருக்கிறது, இரண்டு சோனோபாய் காட்டுகிற திசைக்கோடு எங்கே வெட்டுகிறதோ அங்கே ஆள். சும்மா கேட்கிறவை ஒரு வகை, தானே 'பிங்' என்று சத்தம் விட்டு எதிரொலி பிடிக்கிறவை இன்னொரு வகை. இரண்டாவதைப் போட்டால் கீழே இருப்பவனுக்கும் தெரிந்துவிடும், தேடுகிறார்கள் என்று. அதனால் அது பெரும்பாலும் கடைசியில்தான்.

ரயிலடி ராசு:

அருமை. அப்போ வாலில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பு எதற்கு? நான் ஆன்டெனா என்று நினைத்திருந்தேன்.

வானம்பார்த்தான்:

அது காந்த உணரி. நீர்மூழ்கி என்பது பல நூறு, பல ஆயிரம் டன் எஃகு, பூமியின் காந்தப்புலத்தை அது இருக்கிற இடத்தில் லேசாக நெளிய வைக்கும். அந்த நெளிவைப் பிடிக்கிற கருவி. விமானத்தின் சொந்த இரும்புச் சாமான்கள் குழப்பக்கூடாது என்பதற்காகத்தான் வாலுக்கும் பின்னால் கம்பு நீட்டி அதன் நுனியில் வைத்திருக்கிறார்கள். சில நூறு மீட்டர் நெருக்கத்தில்தான் வேலை செய்யும் என்பதால், தேட உதவாது, "ஆமாம், இங்கேதான்" என்று உறுதி செய்யத்தான். அமெரிக்கர்கள் தங்கள் பி-8ஏ விமானத்தில் இதைக் கழற்றிவிட்டார்கள், எடை, அப்புறம் உயரத்திலிருந்தே வேட்டையாடும் பழக்கம். நம் கடற்படை வேண்டும் என்று கேட்டு வாங்கியது. எனக்கென்னவோ நம்மவர்கள் செய்தது சரி என்றுதான் படுகிறது.

பழைய சோனார்காரன்:

பதினைந்து வருடம் நேவியில் இருந்தவன், கப்பலில் சோனார் பிரிவு, அதாவது ஒலியை வைத்து நீருக்கடியில் தேடுகிற கருவி. சர்வீஸில் படித்ததை இங்கே எழுதமாட்டேன், பொதுவில் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

வானம்பார்த்தான் தம்பி சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் படிக்கிறவர்களுக்கு வேலை சுலபம் என்று தோன்றிவிடும். சோனோபாய் போட்டோம், கோடு வெட்டியது, டார்ப்பிடோ (நீருக்கடியில் ஓடிப்போய் வெடிக்கிற குண்டு) விட்டோம் என்று. நிஜத்தில் கடல் ஒத்துழைக்காது. மேலே வெயில் பட்ட தண்ணீர் சூடு, கொஞ்சம் கீழே போனால் வெப்பம் சட்டென்று விழும். சூடான நீரில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த நீரில் மெதுவாக. அந்த இரண்டும் சேரும் இடத்தில் ஒலி நேராகப் போகாமல் கீழ்நோக்கி வளைந்துவிடும். நீங்கள் மேலே இருந்து கத்துகிற சத்தம் வளைந்து எங்கோ போகும், அந்தத் தட்டுக்குக் கீழே நிழல் மாதிரி ஒரு இடம் உண்டாகும், நல்ல நீர்மூழ்கிக் கேப்டன் அந்த நிழலில் போய் உட்கார்ந்துகொள்வான். வங்காள விரிகுடாவில் இன்னும் சிக்கல், கங்கை, பிரம்மபுத்திரா தண்ணீர் வந்து கலப்பதால் மேல்தண்ணீரில் உப்பு குறைவு, உப்பு மாறினாலும் ஒலி மாறும். அதனால்தான் வேட்டை ஆரம்பிக்கும் முன்னால் ஆழத்துக்கு ஆழம் வெப்பம் அளக்கிற தனி சோனோபாய் ஒன்றை முதலில் போடுவார்கள். கடல் இன்று எப்படி இருக்கிறது என்று தெரியாமல் காதை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது?

அப்புறம், எதிரியும் சும்மா இருக்கமாட்டான். டீசல் நீர்மூழ்கி பேட்டரியில் மெதுவாகப் போகும்போது ஏறக்குறைய சத்தமே கிடையாது. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து மூச்சுக்குழாயை நீட்டி டீசல் ஓட்டித்தான் ஆகவேண்டும். அப்போதுதான் விமானத்துக்கு விருந்து, எஞ்சின் சத்தமும் கேட்கும், தண்ணீருக்கு மேலே நீட்டிய குழாய் ரேடாரிலும் படும். மற்ற நேரமெல்லாம் காத்திருப்புத்தான். திரையில் கோடு கோடாக ஓடுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு பம்ப்பின் ரீங்காரம், ஒரு காற்றாடியின் தாளம், அதில் ஏதாவது ஒன்று மனிதன் செய்ததாக இருக்கிறதா என்று.

இதில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஆட்கள் மறக்காத தேதி 1971 டிசம்பர் 9. பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற நீர்மூழ்கியைத் தேடிப் போன நம் குக்ரி போர்க்கப்பலை, டையூவுக்கு அப்பால், அதே ஹாங்கோர் டார்ப்பிடோ விட்டு மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். அடுத்த சில நாட்கள் நம் கப்பல்களும் விமானங்களும் சல்லடை போட்டுத் தேடியும் அது கராச்சிக்குத் தப்பிப் போய்விட்டது. அதே போரில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியதே என்று யாராவது கேட்பார்கள். மூழ்கியது, ஆனால் எதனால் என்பதில் நாம் ஒன்று சொல்கிறோம், அவர்கள் ஒன்று சொல்கிறார்கள், அந்தச் சண்டையை இந்த இழையில் ஆரம்பிக்காதீர்கள்.

நாகை நெய்தல்:

சோனார் அண்ணே சொன்ன குளிர்த்தண்ணீர் சமாச்சாரம் எங்கள் அப்பாவுக்கும் தெரியும், ஆனால் சோனார் இல்லாமல். வலையை இழுக்கும்போது கீழ்க்கயிறு சில்லென்று வந்தால், மீன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கணக்குப் போடுவார்.

ஒரு சந்தேகம். கடலுக்குள் அமைதி என்று நினைப்பது தப்பில்லையா? எங்கள் பக்கம் ராத்திரி மரப்படகின் அடிப்பலகையில் காதை வைத்தால் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று கேட்கும். ஒரு வகைக் குட்டி இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் என்று பிறகு படித்தேன். இவ்வளவு இரைச்சலில் எப்படிக் கேட்பார்கள்?

பழைய சோனார்காரன்:

நாகைத் தம்பி, பிடித்தீர்களே முக்கியமான இடத்தை. அந்த இறால் சோனார்காரனின் பரம எதிரி. கரையோர வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் அந்தப் படபடப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். அதோடு சரக்குக்கப்பல், விசைப்படகு, மழை, அலை. திமிங்கிலம் வேறு. 1982 ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் என்ற ஒற்றை டீசல் நீர்மூழ்கியைத் தேடி டார்ப்பிடோவாக விட்டுத் தள்ளினார்கள், அடிபட்டதில் திமிங்கிலங்களும் உண்டு. சான் லூயிஸ் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது. அதன் டார்ப்பிடோவும் சரியாக வேலை செய்யவில்லை என்பது பிரிட்டனின் அதிர்ஷ்டம்.

மின்னல்07:

சரி சார், சாட்டிலைட்டை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இவ்வளவு கஷ்டம் என்றால் 12 விமானம் எந்த மூலைக்கு? இந்தியப் பெருங்கடல் என்ன குளமா?

வானம்பார்த்தான்:

நல்ல கேள்வி, போதாதுதான் என்பது என் கருத்து. ஆனால் விமானம் மட்டும் தேடுவதில்லை. அமெரிக்காவிடம் 24 எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர் வாங்கி, 2024 மார்ச்சில் கொச்சியில் படைப்பிரிவு தொடங்கினார்கள். அது அந்தரத்தில் நின்று சோனாரைக் கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கும், சோனார் சார் சொன்ன வெப்பத்தட்டுக்குக் கீழேயே இறக்கிக் கேட்கலாம், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு அடுத்த இடம். கரையோரத்துக்கு என்றே 16 சின்னக் கப்பல் கட்டுகிறார்கள், முதல் கப்பல் அர்னாலா 2025 ஜூனில் சேர்ந்தது. 77 மீட்டர் நீளம், காற்றாடிக்குப் பதில் தண்ணீரைப் பீய்ச்சி ஓடும். அது உருவானது நம் சென்னைக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளிக் கப்பல்தளத்தில், கொல்கத்தா நிறுவனத்துக்காக.

பி-8ஐ வேட்டைக்கு மட்டும் பயன்படுகிறது என்றும் இல்லை. 2014 மார்ச்சில் மலேசிய விமானம் காணாமல் போனபோது தேடப் போனது. 2020-ல் லடாக்கில் சீனாவோடு உரசல் வந்தபோது மலைக்கு மேலே கண்காணிப்புக்கு அனுப்பினார்கள், கடற்படை விமானம் இமயமலையில்! கப்பலைத் தாக்க ஹார்பூன் ஏவுகணை, நீர்மூழ்கிக்கு மார்க்-54 டார்ப்பிடோ. அந்த டார்ப்பிடோ 276 கிலோதான், பாராசூட்டில் இறங்கித் தண்ணீருக்குள் போனதும் தானே தேடிக்கொண்டு ஓடும்.

ரயிலடி ராசு:

எல்லோருக்கும் நன்றி. பெண்ணிடம் இறால் கதையைச் சொன்னேன், விமானத்தை விட்டுவிட்டு இறாலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறாள். கடைசியாக ஒன்று, எங்கள் ஊருக்கு மேலே அரை மணி நேரமாக ஒரே வட்டம் அடிக்கிறதே, அப்போது எதைத் தேடுகிறது?

பழைய சோனார்காரன்:

ஒன்றையும் தேடவில்லை தம்பி, பைலட் இறங்கிப் பழகுகிறார். சக்கரம் ஓடுபாதையைத் தொடும், நிற்காமல் மறுபடி கிளம்பும், ஒரு சுற்று, மறுபடி. தேடல் எல்லாம் உங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், கடலுக்கு மேலே.

லீவுக்குப் பெண்ணை விசாகப்பட்டினம் கூட்டிப்போங்கள். கடற்கரைச் சாலையில் குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கியைக் கரையேற்றி மியூசியமாக வைத்திருக்கிறார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் உங்கள் வீட்டுப் பாத்திரத்தை அதிரவைத்த டியூ-142 ஒன்று நிற்கிறது. தேடுகிறவனும் தேடப்படுகிறவனும் எதிரெதிரே. குர்சுராவுக்குள் ஒரு அறையிலிருந்து அடுத்ததற்கு வட்டமான சின்ன வாசல் வழியாகத்தான் போக வேண்டும், அவள் சுலபமாக நுழைந்துவிடுவாள், நீங்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.