டீசல் ஸ்விஃப்ட்டுக்கு நைட்ரஸ் கிட் – யாராவது போட்டிருக்கிறீர்களா? அவசரம்

நாமக்கல்_விடிஐ
வணக்கம் நண்பர்களே. என் டீசல் ஸ்விஃப்ட்டுக்கு நைட்ரஸ் கிட் போட வேண்டும், அதாவது பாட்டிலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை என்ஜினுக்குள் விட்டு பவர் கூட்டும் கிட். பவர் பத்தவில்லை. ஏசி போட்டு ஐந்து பேர் உட்கார்ந்தால் கொல்லிமலையில் ஒவ்வொரு வளைவுக்கும் முதல் கியர் கேட்கிறது. என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் ரீமேப் வேண்டாம், எந்நேரமும் கூடுதல் பவர் எனக்குத் தேவையில்லை. மேட்டில் மட்டும் பட்டனைத் தட்டினால் ஒரு இருபது குதிரை கூடினால் போதும். சேலம், கோவைப் பக்கம் யார் போட்டுத் தருவார்கள், எவ்வளவு ஆகும்? ஆடிப் பதினெட்டு ஓரி விழாவுக்குக் குடும்பத்தோடு மேலே போகிறோம், அதற்குள் முடிக்க வேண்டும்.

ரெட்லைன்_கோவை
எந்த வருட மாடல்? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? கிளட்ச் எப்போது மாற்றினீர்கள்? இது எதுவும் தெரியாமல் யாரும் விலை சொல்ல முடியாது ப்ரோ.

டர்போ_தம்பி
நைட்ரஸ் எல்லாம் பெட்ரோல் வண்டிக்கு. டீசலுக்கு எல்பிஜிதான் சரி. ஏர் ஃபில்டர் பைப்பில் மெல்லிசாக எல்பிஜி விட்டால் டார்க், அதாவது இழுவிசை, கூடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ட்ராக்டரில் போட்டு ஓட்டுகிறார், கலப்பை இழுக்கும்போது வித்தியாசம் தெரிகிறதாம். செலவும் கம்மி. அதையே யோசியுங்கள் அண்ணா.

கிராங்க்ஷாஃப்ட்67
இங்கே பல வருடமாக எழுதுகிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. டீசல் என்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள். பெட்ரோலில் ஆக்ஸிலரேட்டர் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. டீசலில் காற்று பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், நீங்கள் மிதிப்பது எரிபொருளின் அளவை. சாதாரண ஓட்டத்தில் டீசல் என்ஜினுக்குள் தேவைக்கு மேலேயே காற்று இருக்கிறது. நைட்ரஸ் எரிபொருள் கிடையாது, ஆக்சிஜனைச் சுமந்து வரும் வாயு, அவ்வளவுதான். எரிபொருளைக் கூட்டாமல் அதை மட்டும் விடுவது விறகில்லாத அடுப்பை ஊதுகுழலால் ஊதுவது மாதிரி. இது அடிப்படைப் பாடம். அதுகூடத் தெரியாமல் கிட் விலை கேட்கக் கூடாது.

டர்போ தம்பி, எல்பிஜி எரிபொருள், நைட்ரஸ் ஆக்ஸிஜனேற்றி. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைச் சொல்வதே தப்பு. எல்பிஜி காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போனால், அளவு மீறும்போது டீசல் தெளிக்கும் முன்பே பற்றிக்கொள்ளலாம். அந்தத் தட்டும் சத்தம் பிஸ்டனைத் தின்றுவிடும்.

டர்போ_தம்பி
கொஞ்சமாக விட்டால் ஒன்றும் ஆகாது சார். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல்_விடிஐ
2014 மாடல், 1,40,000 ஓடியிருக்கிறது. கிளட்ச் வாங்கியதிலிருந்து அதேதான். எதுவும் ஆல்ட்டர் பண்ணவில்லை. கிராங்க்ஷாஃப்ட் சார், அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டிகளுக்கு நைட்ரஸ் போட்டு ஓட்டுகிறார்களே, அது எப்படி?

பம்ப்ரூம்
நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன். நான் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை செய்பவன்.

அங்கே டிராக் ரேஸிலும் பாரம் இழுக்கும் போட்டியிலும் ஓடும் டீசல் வண்டிகள் முதலில் எரிபொருளை அளவுக்கு மீறிக் கூட்டிவைக்கும். டர்போ அழுத்தித் தரும் காற்று அதற்குப் போதாது, கரும்புகையாகக் கக்கும். அந்த எரியாத டீசலை எரிக்கத்தான் நைட்ரஸ். எடையில் பார்த்தால் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36. சிலிண்டருக்குள் சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனைக் கொடுக்கும். திரவமாக வந்து ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர வைக்கும். புகை நிற்கும், பவர் ஏறும். அவர்கள் கணக்கு அது.

உங்கள் வண்டி 1.3 மல்டிஜெட், 1248 சிசி, 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர். எவ்வளவு டீசல் தெளிக்கலாம் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. காற்று அளக்கும் சென்சாரைப் பார்த்து, புகை வராத அளவோடு நிறுத்திக்கொள்ளும். சென்சாரைத் தாண்டி நீங்கள் விடும் நைட்ரஸ் அதன் கண்ணில் படாது, எனவே ஒரு சொட்டு டீசலும் கூடாது. கூட்ட வேண்டுமானால் ரீமேப் செய்தே ஆக வேண்டும். ரீமேப் வேண்டாம், நைட்ரஸ் மட்டும் போதும் என்ற யோசனை இந்த என்ஜினில் நடக்காது.

சரி, ரீமேப்பும் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 20 குதிரை என்பது சுமார் 15 கிலோவாட். ஒரு கிலோவாட் மணிக்கு 220 கிராம் டீசல் போட்டால் நொடிக்கு 0.9 கிராம் கூடுதலாக எரிய வேண்டும். ஒரு கிராம் டீசலுக்கு 14.5 கிராம் காற்று வேண்டும், அதில் ஆக்சிஜன் 3.3 கிராம். அந்த ஆக்சிஜன் நைட்ரஸிலிருந்து வர வேண்டுமானால் 9 கிராம் நைட்ரஸ். ஆக நொடிக்கு 8 கிராமுக்கு மேல், நிமிடத்துக்கு அரைக் கிலோ. கிட்டில் வழக்கமாக வரும் 10 பவுண்டு பாட்டிலில் நாலரைக் கிலோ பிடிக்கும். ஒன்பது நிமிடத்தில் காலி. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. எத்தனையாவது வளைவில் பாட்டில் தீரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மேலே செம்மேட்டில் ரீஃபில் கிடைக்காது. நைட்ரஸ் சில நொடி ஓட்டத்துக்கான சமாசாரம், மலை ஏறுவதற்கானது அல்ல.

கேஸ்கட்_மதுரை
பம்ப்ரூம் அண்ணா கணக்கு அருமை. ரீஃபில் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு கேஸ் சப்ளை செய்பவர்களிடம் நீல சிலிண்டர் கிடைக்கும், மயக்க மருந்துக்குப் பயன்படுத்துவது. வாயு அதேதானே?

பம்ப்ரூம்
தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். மருத்துவத்துக்கான வாயுவை வெளியே எடுப்பதே சட்டப்படி தப்பு. அதைவிட முக்கியம், நைட்ரஸ் 36.4 டிகிரி வரைதான் திரவமாக இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் கிடையாது, அந்தப் புள்ளியிலேயே அழுத்தம் 72 பார். நாமக்கல் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும். சூடு ஏற ஏற அழுத்தம் மேலே போய்க்கொண்டே இருக்கும். ரேஸ் பாட்டிலில் அழுத்தம் மீறினால் உடைந்து வாயுவை வெளியே விடும் தகடு இருக்கும், அந்த வாயுவும் வண்டிக்கு வெளியே போகும்படி குழாய் இழுத்திருப்பார்கள். கிடைத்த சிலிண்டரை டிக்கியில் கட்டி, கண்ணாடியை ஏற்றி, பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைத்தால்? லீக் ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்குள் இருப்பவர்கள் மயங்குவார்கள், ஓட்டுபவரும் சேர்த்து.

ரெட்லைன்_கோவை
சட்டம் இன்னொரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மலையில் ஏதாவது ஆகி இன்சூரன்ஸ்காரர் பாட்டிலைப் பார்த்தால் க்ளெய்ம் கிடைப்பது சந்தேகம்தான்.

அது இருக்கட்டும். மேட்டில் புகை வருகிறதா? என்ன நிறம்?

ஸ்டியரிங்_சாமி
தம்பி, நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். அதே என்ஜின் டிசையரில் ஐந்து பேர், லக்கேஜ், ஏசியோடு கொல்லிமலை, ஏற்காடு எல்லாம் ஏறுகிறேன். வண்டி மேல் தப்பில்லை, கியர் மேல்தான். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்த டர்போ தூங்கும். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்து 2200, 2500இல் வைத்தே திருப்புங்கள். மூன்றில் உருட்டிக்கொண்டு வந்து வளைவில் மிதித்தால் எந்த வண்டியும் நிற்கும்.

மைலேஜ்_மன்னன்
2500இல் மலை முழுக்க ஓட்டினால் என்ஜின் என்ன ஆகும்? டீசல் எங்கே நிற்கும்? டீசல் வண்டியை 1500, 1800க்குள் ஓட்டுவதுதான் ஆயுள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், லிட்டருக்கு 24க்குக் குறைந்ததில்லை.

ஸ்டியரிங்_சாமி
சமதளத்தில் சரி. மேட்டில் 1500இல் அழுத்தி மிதிப்பதுதான் என்ஜினுக்குக் கேடு. டர்போ ஊதாது, பேரிங்கில் பாரம் விழும், கியர் ராடு கையில் அதிரும். அந்த அதிர்வு வந்தாலே வண்டி கீழ் கியர் கேட்கிறது என்று அர்த்தம். இந்த என்ஜினின் முழு டார்க்கும் 2000இல் வருகிறது, முழு பவர் 4000இல். 2500 என்பது அதற்கு ஒரு வேலையே இல்லை.

மைலேஜ்_மன்னன்
டூரிஸ்ட் வண்டிக்காரர்கள் முதலாளி வண்டி என்று ஓட்டுவீர்கள். சொந்தக் காசு போட்டு வாங்கினால் தெரியும்.

ஸ்டியரிங்_சாமி
சொந்த வண்டிதான். மாதத் தவணை நான்தான் கட்டுகிறேன். மூன்று லட்சம் தாண்டிவிட்டது, டர்போ இன்னும் கம்பெனி போட்டதுதான்.

கிராங்க்ஷாஃப்ட்67
இழை நைட்ரஸ் பற்றியது. ஆர்பிஎம் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். ஒரு விஷயம் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்களில் ஜிஎம்-1 என்ற பெயரில் நைட்ரஸ் வைத்தார்கள். மிக உயரத்தில் காற்று மெலிந்துபோகும், காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜராலும் ஈடு கொடுக்க முடியாது, அங்கே ஆக்சிஜன் கொடுக்க. நைட்ரஸின் சரியான இடம் காற்று போதாத இடம். ஸ்விஃப்ட்டில் டர்போ நன்றாக இருந்தால் கொல்லிமலை உயரத்துக்குக் காற்றுப் பஞ்சம் வராது.

ரெட்லைன்_கோவை
அதையேதான் நானும் கேட்கிறேன் சார், டர்போ நன்றாக இருக்கிறதா என்று. நாமக்கல் நண்பரே, புகை?

நாமக்கல்_விடிஐ
புகை வரும், மேட்டில் மிதித்தால் பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கும் அளவுக்குக் கருப்பாக. டீசல் வண்டி என்றால் அப்படித்தானே? விசில் மாதிரி ஒரு சத்தமும் கேட்கும், டர்போ சத்தம் என்று மெக்கானிக் சொன்னார்.

பம்ப்ரூம்
இதை முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டும். எதுவும் மாற்றாத ஸ்டாக் வண்டி அப்படிக் கரும்புகை விடக் கூடாது. விசில் எப்போதிருந்து? அதற்கு முன் ஏதாவது வேலை செய்தீர்களா?

நாமக்கல்_விடிஐ
போன தீபாவளிக்கு முன்னால் ஒரு ஷெட்டில் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் வால்வு) கிளீன் பண்ணினேன். அதற்கப்புறம்தான் என்று நினைக்கிறேன்.

பம்ப்ரூம்
அப்படியானால் நைட்ரஸை மறந்துவிட்டு பானெட்டைத் திறங்கள். இஜிஆர் கழற்றும்போது, டர்போ அழுத்திய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்கு வரும் ஹோஸையும் கழற்றியிருப்பார்கள். திருப்பி மாட்டும்போது கிளாம்ப் கோணலாக விழுந்தால், ஓரம் ரப்பரை அறுத்துக்கொண்டே இருக்கும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும்போதுதான் வாய் திறக்கும், அதுதான் உங்கள் விசில். சென்சார் அளந்த காற்று என்ஜினுக்குப் போகாமல் வழியிலேயே வெளியேறுகிறது. காற்று உள்ளே போய்விட்டது என்று கம்ப்யூட்டர் முழு டீசலையும் தெளிக்கிறது. எரியக் காற்றில்லை, எனவே கரும்புகை. நீங்கள் பாட்டிலில் வாங்கப் பார்த்த ஆக்சிஜன் அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஹோஸ் மூட்டைச் சுற்றி விரலை விட்டுத் தடவுங்கள், முக்கியமாக அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத பக்கம். கருப்பு ஆயில் பிசுக்கு ஒட்டினால் அங்கேதான். என்ஜின் ஆறிய பிறகு ஹோஸைக் கையால் நெரித்துப் பாருங்கள், மூடியிருக்கும் கிழிசல் அப்போது வாய் பிளக்கும். வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து மேனிஃபோல்டு அழுத்தம் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) பாருங்கள், நீங்கள் ஓட்ட, இன்னொருவர் பார்க்கட்டும். 200 கிலோபாஸ்கலைத் தாண்ட வேண்டும். 140, 150இல் நின்றால் லீக் உறுதி.

டர்போ_தம்பி
ஹோஸ் சரியாக இருந்தால்?

பம்ப்ரூம்
அப்போது டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், அப்புறம் காற்று அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார். வரிசையாகப் பார்க்கலாம். செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிப்போம்.

மைலேஜ்_மன்னன்
1500இல் ஓட்டியிருந்தால் பூஸ்ட் ஏறியே இருக்காது, ஹோஸும் கிழிந்திருக்காது.

ஸ்டியரிங்_சாமி
ஹோஸ் இருப்பதே பூஸ்ட் தாங்கத்தான் அண்ணா.

நாமக்கல்_விடிஐ
ஹோஸ்தான். கிளாம்புக்குக் கீழே ஒரு விரல் நீளம் அறுந்திருந்தது, கையெல்லாம் ஆயில். ஹோஸ், கிளாம்ப் இரண்டும் மாற்றியாச்சு. முன்பு 145 காட்டியது, இப்போது 210. புகை இல்லை. இரண்டாவது கியரிலேயே திரும்புகிறது. எல்லாருக்கும் நன்றி, வண்டியில் இருக்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்.

ரெட்லைன்_கோவை
மகிழ்ச்சி. கிளட்சையும் ஒருமுறை பாருங்கள். இத்தனை நாள் கிடைக்காத டார்க் இப்போது முழுசாக வருகிறது, 1,40,000 ஓடிய கிளட்ச் மேட்டில் வழுக்கலாம்.

கேஸ்கட்_மதுரை
ஹோஸ் என்ன விலை ஆச்சு அண்ணா? கம்பெனி ஹோஸா, வெளி மார்க்கெட்டா?

கேஸ்கட்_மதுரை
நாமக்கல் அண்ணா, விலை?

ரிட்ஸ்_திண்டுக்கல்
எனக்கும் இதே என்ஜின்தான், ரிட்ஸ். விசில் இல்லை, புகை இல்லை, ஆனால் இழுக்கவில்லை. என்ன செய்யலாம்?

பம்ப்ரூம்
புது இழை தொடங்குங்கள். வருடம், கிலோமீட்டர், கடைசியாக என்ன வேலை செய்தீர்கள், எத்தனை ஆர்பிஎம்மில் இழுக்கவில்லை, எல்லாவற்றையும் முதல் பதிவிலேயே போடுங்கள். அங்கே பார்க்கலாம்.