கேர் ஹோமுக்கு வரும் பாலிசி திருத்தங்கள்: கையெழுத்து வாங்கினால் போதுமா?

புதுமேலாளர் கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தில் 38 படுக்கை உள்ள முதியோர் கேர் ஹோம். நர்சிங் கிடையாது, ரெசிடென்ஷியல் மட்டும். பாதிப் பேருக்கு டிமென்ஷியா. பாலிசி (ஹோமின் நடைமுறை விதிகள்) தொகுப்பைச் சந்தா கட்டி வாங்குகிறோம். மாதத்துக்கு எட்டுப் பத்து திருத்தம் வருகிறது. சட்டமே மாறியதும், ஒரு லிங்க் மாறியதும் ஒரே மாதிரி மின்னஞ்சலில்தான் வருகின்றன. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கோப்பில் வைத்து, "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று ஊழியர்களிடம் கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் இரவு ஷிப்ட் சீனியரிடம் பார்வையாளர் விதி என்ன என்று கேட்டால், கோவிட் காலத்துப் பதில்தான் வருகிறது.

எந்தத் திருத்தத்துக்கு உண்மையில் வேலை செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று எப்படிப் பிரிப்பது? குறிப்பாக ரெகுலேஷன் 9ஏ (பார்வையாளர் வருகை விதி), ஆலிவர் மெக்கவன் பயிற்சி (கற்றல் குறைபாடு, ஆட்டிசம் குறித்தது), ஸ்பான்சர்ஷிப் (வெளிநாட்டு ஊழியர் விசா) மூன்றிலும் நடைமுறையில் என்னென்ன மாற வேண்டும்?

கோப்புக்காரர்:

அச்செடுக்கும் முன் அந்தத் திருத்தத்தின் தகுதியைப் பாருங்கள். அது சட்டமா, சட்டத்தின் கீழ் வந்த விதியா, பின்பற்றியே ஆக வேண்டிய வழிகாட்டியா, கருத்துக் கேட்பு அறிக்கையா? இங்கிலாந்துக்கு உரியதா, வேல்ஸுக்கா, ஸ்காட்லாந்துக்கா? எந்தத் தேதியிலிருந்து அமல்? அதிகம் பேர் தடுக்கி விழுவது தேதியில்தான். நாடாளுமன்றத்தில் நிறைவேறியது வேறு, அமலுக்கு வந்தது வேறு.

டோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சம்மதிக்கும் திறன் இல்லாதவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தக் கவுன்சிலிடம் வாங்கும் அனுமதி முறை அது. அதற்குப் பதிலாக லிபர்ட்டி புரொடெக்‌ஷன் சேஃப்கார்ட்ஸ் கொண்டுவர 2019-லேயே சட்டம் நிறைவேறியது. 2023 ஏப்ரலில் அதைத் தள்ளிவைத்தார்கள். முந்திக்கொண்டு பாலிசியை மாற்றி எழுதி வைத்த இடங்களில், இல்லாத ஒரு நடைமுறை கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. நடப்பில் இருப்பது டோல்ஸ்தான். பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பும் அப்படியே: 2023 அக்டோபர் என்றார்கள், பிறகு 2025 அக்டோபர் என்றார்கள், 2024 ஜூலையில் கைவிட்டார்கள். சொந்தப் பணத்தில் இருக்கும் முதியவர்களின் ஒப்பந்தத்திலோ, குடும்பத்துக்குக் கொடுக்கும் கையேட்டிலோ அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கேர் ஹோம் ஊழியர்களுக்கான கட்டாயக் கோவிட் தடுப்பூசி விதி 2021 நவம்பர் 11-இல் வந்து 2022 மார்ச் 15-இல் நீங்கியது. வேலைக்கு எடுக்கும் படிவத்தில் அந்தக் கேள்வி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

தகுதி தெரிந்தபின், திருத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கத்தில் ஒரு தாள் போடுங்கள். என்ன மாறியது என்பது இரண்டு வரி போதும். அதற்குக் கீழே எந்தப் படிவம், எந்த அறிவிப்புப் பலகை, எந்த கேர் பிளான் பகுதி மாற வேண்டும், யார் மாற்ற வேண்டும், என்றைக்குள் என்று எழுதுங்கள். மாற வேண்டியது ஒன்றுமில்லை என்றால் "நடவடிக்கை தேவையில்லை" என்று காரணத்தோடு எழுதித் தேதி போட்டு மூடுங்கள். மாதம் எட்டு வந்தால் ஆறு இப்படித்தான் மூடும். மீதி இரண்டுக்கு நேரம் கிடைப்பதே இதனால்தான்.

கையெழுத்துத் தாள் காட்டுவது, காகிதம் அவர் கண்ணில் பட்டது என்பதை மட்டுமே. ரெகுலேஷன் 17 (நல்ல நிர்வாகம் பற்றிய விதி) கேட்பது, மாற்றம் நடந்ததா என்று நீங்கள் சரிபார்த்தீர்களா என்பது. இரண்டு வாரம் கழித்துப் பகல், இரவு, வார இறுதி என ஷிப்டுக்கு ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை அப்படியே அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஏஜென்சி ஆட்களையும் சேர்த்துக் கேளுங்கள்; பாலிசி மின்னஞ்சல் போய்ச் சேராத ஆட்கள் அவர்கள்தான்.

டோல்ஸ் என்றதால் ஒன்று. அனுமதி அதிகபட்சம் 12 மாதம். முடிவதற்கு 28 நாள் முன்பே மறுவிண்ணப்பம் போடலாம். தேதியைப் பெரும்பாலும் யாராவது நாட்காட்டியில் குறித்திருப்பார்கள், தவறிப்போவது நிபந்தனைகள். "வாரம் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும்" என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருக்கும். கடிதம் மேனேஜர் அறை அலமாரியில் இருக்கும். கேர் பிளானில் அந்த வரி இருக்காது, எனவே கேரர் யாருக்கும் தெரியாது. இன்றே ஒரு கடிதத்தை எடுத்து, அதே நபரின் கேர் பிளானைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல்_ஷிப்ட்:

9ஏ பற்றி. 2024 ஏப்ரல் 6 முதல் அமலில் இருக்கிறது. பார்வையாளர் வருவதைத் தடுக்காமல் இருப்பது மட்டும் போதாது. வருவதற்கு நாம் வழி செய்து கொடுக்க வேண்டும். விதிவிலக்கான சூழல் இருந்தால்தான் கட்டுப்பாடு. இங்கே வசிப்பவர் வெளியே போய்வர விரும்பினால் அதையும் ஊக்கங்கெடச் செய்யக் கூடாது. இந்த இரண்டாவது பாதி பலருக்குத் தெரிவதில்லை.

மாற வேண்டிய முதல் இடம் வாசல் கதவு. "பார்வை நேரம் 2 முதல் 4 வரை, முன்கூட்டியே போன் செய்யவும்" என்று லேமினேட் செய்த தாள் இருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல பாலிசி இருந்தாலும் பயனில்லை. அடுத்து வரவேற்பு மேசை: பழைய முன்பதிவுக் குறிப்பேடு, உடல் வெப்பம் எழுதும் கட்டம். சாப்பாட்டு நேரத்தில் யாரும் வரக் கூடாது என்ற வழக்கமும் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டால் தவறு. டிமென்ஷியா உள்ளவருக்கு மகள் வந்து ஊட்டினால்தான் இரண்டு வாய் இறங்கும் என்றால், அந்த நேரம்தான் அவருக்குப் பார்வை நேரம்.

ஒவ்வொரு கேர் பிளானிலும் நான்கு வரி சேருங்கள்: யார் வந்தால் இவருக்குப் பிடிக்கும், யாரைப் பார்க்க விரும்பவில்லை, எங்கே உட்கார்ந்து பேச விரும்புகிறார், வெளியே போக என்ன துணை வேண்டும். தொற்று பரவும் நேரத்துக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். அந்த நேரத்திலும் ஒருவராவது உள்ளே வர இடம் இருக்க வேண்டும். இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

பயிற்சி பற்றி. கற்றல் குறைபாடு, ஆட்டிசம் குறித்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதலே சட்டம். அதற்கான நடைமுறைக் கோட்பாடு 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. "எங்களிடம் இருப்பவர்கள் முதியோர்தான்" என்பது விலக்கு ஆகாது, சி.கியூ.சி. (இங்கிலாந்தின் பராமரிப்புக் கண்காணிப்பு அமைப்பு) பதிவு உள்ள எல்லோருக்கும் பொருந்தும். சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், வரவேற்பாளர் உட்பட.

புதுமேலாளர்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எங்களில் 31 பேர் இ-லேர்னிங் முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அது போதும்தானே? இன்னொன்று, ஒருவரின் மகன் வரும்போதெல்லாம் கேரர்களிடம் கத்துகிறார். 9ஏ இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாதா?

முதல்_ஷிப்ட்:

போதாது அக்கா. ஆலிவர் மெக்கவன் தொகுப்பில் இ-லேர்னிங் என்பது முதல் பகுதி மட்டும். அடுக்கு 1-க்கு (பொதுவான விழிப்புணர்வு போதுமானவர்கள்) அதோடு ஒரு மணி நேர நேரலை ஆன்லைன் அமர்வு. அடுக்கு 2-க்கு (நேரடியாகப் பராமரிப்பவர்கள்) ஒரு முழு நாள் நேரடி வகுப்பு. அந்த அமர்வுகளைக் கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்களே பயிற்சியாளரோடு சேர்ந்து நடத்துவார்கள். பயிற்சியின் உயிரே அதுதான். உங்கள் பயிற்சி அட்டவணையில் "முடிந்தது" என்ற ஒரே நெடுவரிசை இருக்கும். அதை இரண்டாகப் பிரியுங்கள்: இ-லேர்னிங் தேதி, அமர்வுத் தேதி. 31 பேருக்கும் இரண்டாவது காலியாக இருப்பது அப்போது கண்ணில் படும். கோட்பாட்டின் தரத்துக்கு ஈடான வேறு பயிற்சியையும் எடுக்கலாம். ஆனால் ஈடானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

மகன் விஷயம். செய்யலாம், ஆனால் படிப்படியாக. முதலில் அவர் எதற்காகக் கத்துகிறார் என்று பாருங்கள். அம்மாவின் பராமரிப்பில் குறை சொல்கிறார் என்றால் அது புகார். புகாரை விசாரித்து எழுத்தில் பதில் கொடுங்கள். புகார் சொன்னதற்காக ஒருவரை வாசலில் நிறுத்தக் கூடாது. மிரட்டலும் வசையும் தொடர்ந்தால், உண்மையான ஆபத்து என்ன என்று தேதியோடு எழுதி, அதைக் குறைக்கப் போதுமான மிகச் சிறிய கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்: தனி அறையில் சந்திப்பு, சீனியர் ஒருவர் அருகில் இருப்பது, பேச வேண்டியதை மேனேஜரிடம் மட்டும் பேசுவது. எப்போது மறுபரிசீலனை என்று தேதி போடுங்கள். தேதி இல்லாத கட்டுப்பாடு நிரந்தரத் தடையாகிவிடும்.

அம்மாவின் விருப்பம் என்ன என்பதும் பதிவில் இருக்க வேண்டும். தீர்மானிக்கும் திறன் அவருக்கு இல்லை என்றால், மென்டல் கப்பாசிட்டி ஆக்ட் 2005-படி அவருடைய நலன் சார்ந்த முடிவாக எழுதுங்கள். மகனை முழுதாக நிறுத்துவது வரை போய், மகன் அதை ஏற்க மறுத்தால், அது மேனேஜர் தனியாக எடுக்கும் முடிவல்ல. கவுன்சிலின் சேஃப்கார்டிங் (பாதுகாப்பு) குழுவை அணுகுங்கள். இத்தகைய வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் வரை போக வேண்டியிருக்கலாம்.

ஹெச்ஆர்_மேசை:

ஸ்பான்சர்ஷிப் பக்கம் நான் சொல்கிறேன். 2025 ஜூலை 22 முதல் கேர் வொர்க்கர், சீனியர் கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்க வழி இல்லை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ யாராவது கேர் விசா என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் ஊழியர்களிடமும் சொல்லிவையுங்கள். வேறு விசாவில் இங்கேயே இருப்பவரை 2028 ஜூலை 22 வரை மாற்றிக்கொள்ளலாம். சி.ஓ.எஸ். (ஸ்பான்சர்ஷிப் சான்று) ஒதுக்கும் முன் அவர் சட்டப்படி உங்களிடம் குறைந்தது 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும்.

சம்பளத்தில் இரண்டு அளவையும் தாண்ட வேண்டும்: 2025 ஏப்ரல் 9 முதல் ஆண்டுக்கு 25,000 பவுண்டு, மணிக்கு 12.82 பவுண்டு. சிக்கல் பெரும்பாலும் ரோட்டாவில் (ஷிப்ட் அட்டவணை) தொடங்குகிறது. சி.ஓ.எஸ்.ஸில் வாரம் 39 மணி என்று எழுதிவிட்டு, படுக்கை காலியாக இருக்கும் மாதத்தில் 30 மணி கொடுத்தால் சம்பளம் அளவுக்குக் கீழே இறங்கும். ரோட்டா போடுபவரிடம் ஸ்பான்சர் செய்தவர்களின் மணிநேரப் பட்டியல் இருக்க வேண்டும். சம்பளக் குறைப்பு, பணியிட மாற்றம், அனுமதியின்றித் தொடர்ந்து 10 வேலை நாளுக்கு மேல் வராமை போன்றவற்றை 10 வேலை நாளுக்குள் எஸ்.எம்.எஸ்.ஸில் தெரிவிக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். என்றால் குறுஞ்செய்தி அல்ல, உள்துறை அமைச்சகத்தின் ஸ்பான்சர் கணக்கு.

சி.ஓ.எஸ். கட்டணத்தையும் லைசென்ஸ் செலவையும் ஊழியரிடம் வசூலிப்பது 2024 டிசம்பர் 31 முதல் தடை. இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை (ஸ்பான்சர் செய்யும் முதலாளி அரசுக்குக் கட்டும் கட்டணம்) எப்போதுமே வசூலிக்கக் கூடாது. பழைய பணி ஒப்பந்தங்களில் "இரண்டு ஆண்டுக்குள் விலகினால் எல்லாச் செலவையும் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகள் கடன் வாங்கி வந்தவர்கள். அந்த ஒரு வரிக்குப் பயந்தே தவறான நடத்தையைக்கூட வாய்திறந்து சொல்லாமல் இருப்பார்கள்.

வேலை உரிமைச் சோதனை. பி.ஆர்.பி. அட்டை (விசா விவரம் உள்ள பழைய பிளாஸ்டிக் அட்டை) இனிச் செல்லாது. ஷேர் கோடும் (ஊழியர் அரசு இணையதளத்தில் எடுத்துத் தரும் குறியீடு) பிறந்த தேதியும் வாங்கி, முதலாளிகளுக்கான அரசுப் பக்கத்தில் நீங்களே பாருங்கள். ஊழியர் தன் கணக்கிலிருந்து எடுத்து அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் சோதனை ஆகாது. பக்கத்தில் வரும் படம் எதிரே இருப்பவர்தானா என்று ஒப்பிட்டு, அன்றைய தேதியோடு சேமியுங்கள். வேலை முடிந்த பிறகும் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தவறினால் முதல் தடவைக்கே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம்.

விசா முடியும் தேதிக்கு முன் மறுசோதனை செய்யுங்கள். அவர் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார், ஷேர் கோடு வேலை செய்யவில்லை என்றால் உடனே வேலையை விட்டு அனுப்பாதீர்கள். உள்துறை அமைச்சகத்தின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில் கேளுங்கள். அங்கிருந்து வரும் உறுதிக் கடிதம் 6 மாதம் செல்லும். அந்த 6 மாதம் முடியும் நாளையும் அப்போதே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.