ரவுண்ட்கியூப் அப்டேட்: சர்வருக்குள் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று பார்ப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. சர்வர் பராமரிக்கிறவர்கள் யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒரு சின்ன அலுவலகத்தின் மெயில் சர்வர் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. உபுண்டு 18.04 ஓஎஸ், பிரவுசரிலேயே மெயில் பார்க்க உதவும் ரவுண்ட்கியூப் 1.5.3, அது ஓடத் தேவையான பிஎச்பி 7.2. 2025 ஜூனில் வெளியான சிவிஇ-2025-49113 என்ற ரவுண்ட்கியூப் ஓட்டை (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்) இதில் அப்படியே இருக்கிறது. லாகின் செய்த பயனர் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும் என்பதால் அவசரமில்லை என்கிறார் மேலாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு கசிந்தால் போதும், சர்வரிலேயே கோட் ஓட்டிவிடலாம். 2023இல் வந்த சிவிஇ-2023-5631க்கு அதுகூடத் தேவைப்படவில்லை. எஸ்விஜி படத்துக்குள் ஸ்கிரிப்ட் ஒளித்த மெயிலைத் திறந்து பார்த்தாலே ஸ்கிரிப்ட் ஓடியது. ஐரோப்பிய அரசு அலுவலகங்களை அப்படித்தான் குறிவைத்தார்கள். இந்தச் சர்வரில் அதுவும் அடைபடவில்லை.

ரவுண்ட்கியூப் 1.6க்குப் போக பிஎச்பி 7.3 வேண்டும். அதனால் இப்போதைக்கு 1.5 வரிசையின் கடைசி வெளியீட்டைப் போட்டுவிட்டு, ஓஎஸ்ஸைப் பிறகு மாற்றலாமா? பாஸ்வேர்டு பிளகினில் முன்பிருந்தவர் ஏதோ கைவைத்திருக்கிறார் (குறிப்பு எதுவும் எழுதவில்லை, வழக்கம்போல). ரவுண்ட்கியூபை அப்டேட் செய்யும் இன்ஸ்டால்டூ ஸ்கிரிப்ட் அந்த மாற்றத்தை அழித்துவிடுமா?

அதைவிட முக்கியம், ஏற்கெனவே யாராவது உள்ளே வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 2025 ஓட்டையின் தடயத்துக்காக, அப்பாச்சி வெப் சர்வரின் அக்சஸ் லாகில் செட்டிங்ஸ் பக்கத்து அப்லோட் கோரிக்கைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பழைய லாகெல்லாம் ரொட்டேட் ஆகிப் போய்விட்டது. கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்), டெம்ப் ஃபோல்டர், புதிய பிஎச்பி ஃபைல்கள் தவிர வேறு எங்கே பார்க்க வேண்டும்? பேசாமல் புதிய சர்வருக்கே மாறிவிடுவதுதான் நல்லதா?