பின்னத்துக்கு வந்ததும் முழு எண் புத்தி செல்லாது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தரம் 9, 10 பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். விகிதமுறு எண்களுக்கு, அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்களுக்கு வந்ததும் அதிகம் தடுக்கி விழுவது முழு எண்ணில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், பழைய பழக்கம் அவர்களிடம் அப்படி ஊறிக் கிடக்கிறது. 0.35 பெரிதா 0.5 பெரிதா என்றால், 35 தானே சேர் பெரிது என்று டக்கென்று பதில் வரும். வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று, 8 ஐ 1/2 ஆல் வகுத்து 4 என்று எழுதுவார்கள். எட்டு ஏக்கரில் அரை ஏக்கர்த் துண்டு எத்தனை என்று கேளுங்கள், அவர்களே 16 என்பார்கள்.

போன வாரம் ஒரு பிள்ளை 1/2 க்கு அடுத்த எண் எது என்று கேட்டாள். அருமையான கேள்வி. 7 க்கு அடுத்தது 8, நடுவில் வேறு முழு எண் கிடையாது. ஆனால் 1/2 க்கு அடுத்தது 51/100 என்று நீங்கள் சொன்னால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்க 101/200 நடுவில் வந்து நிற்கும், அதற்கும் 1/2 க்கும் நடுவில் இன்னொன்று, முடிவே இல்லை. அதுபோலத்தான் மீதியும். முழு எண்களில் 7 ஐ 3 ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1. இங்கே 7/3, அவ்வளவுதான். பூச்சியத்தைத் தவிர எந்த எண்ணும் எந்த எண்ணையும் மீதியின்றி வகுக்கும் என்றான பிறகு ஒற்றை, இரட்டை, பகா எண் என்ற பேச்சுக்கெல்லாம் வேலை ஏது? இதைப் பிள்ளைகளிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

எங்கள் பக்கம் இஸ்லாமிய முறைப்படி வாரிசுப் பங்கு பிரிக்கும்போது இதை நேரில் பார்க்கலாம். ஒருவர் மனைவி, இரண்டு மகள்மார், வாப்பா, உம்மா எல்லாரையும் விட்டு மௌத்தானால் மனைவிக்கு 1/8, மகள்மாருக்கு 2/3, பெற்றோருக்கு ஆளுக்கு 1/6. பொதுப் பகுதி 24 போட்டுக் கூட்டினால் 3 + 16 + 4 + 4, அதாவது 27/24. சொத்தே ஒன்றுதான், பங்கு ஒன்றைத் தாண்டிவிட்டது! அப்போது பகுதியை 27 ஆக்கிவிடுவார்கள், அவ்ல் என்பது இதைத்தான். மனைவியின் 3/24 இப்போது 3/27, எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிறது. மேலே உள்ள 3 அசையவில்லை, கீழே 24 பெரிதாகி 27 ஆகிறது, பங்கு சிறுக்கிறது. முழு எண் புத்தியோடு பார்த்தால் தலை சுற்றும். மூத்த மௌலவி ஒருவர் கல்குலேட்டரைத் தொடாமல் வாயாலேயே சொல்லி முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து:

காணிக் கதை என்னிடமும் உண்டு. ஏக்கருக்கு 160 பேர்ச், மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 53, மீதி 1. 160 இன் பகாக் காரணிகள் 2 உம் 5 உம் மட்டும், 10 க்கும் அவைதான், அதனால் மூன்றிலொன்று பேர்ச்சிலும் முழுசாக வராது, தசமத்திலும் 53.333 என்று போய்க்கொண்டே இருக்கும். எட்டிலொன்று என்றால் 20 பேர்ச், சிக்கலே இல்லை. உறுதியில் பிரிபடாத 1/3 பங்கு என்று எழுதியிருந்தால் சரி. எங்கள் அம்மாச்சியின் காணிக்கு ஆளுக்கு 53 பேர்ச் என்று எழுதிவிட்டார்கள், மிஞ்சிய அந்த ஒரு பேர்ச்சுக்காக, அதாவது 272 சதுர அடிக்காகப் பெரியம்மாவும் மாமாவும் இன்னும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.