புதுப்பிப்பு: உதரவிதானம் துடித்தால் திரும்புவதா என்று கேட்டிருந்தேனே

ஃப்ரீடைவிங்கில் (காற்று உருளை இல்லாமல், மூச்சை அடக்கி நீரில் மூழ்குவது) 20 மீட்டர் ஆழம் தொடும்போது உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) துடிக்க ஆரம்பிக்கிறது, அதைத் தாண்டி இறங்கலாமா என்று ஆறு வாரம் முன்னால் கேட்டிருந்தேன். "முதலில் பயிற்சியாளரிடம் போ" என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி. போனேன்.

நான் நம்பிய அடையாளமே தவறு. அந்தத் துடிப்பு கார்பன் டை ஆக்சைடு ஏறுவதைத்தான் சொல்கிறது. ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்வதில்லை. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்குவேன். அதில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து துடிப்பு தாமதமாக வந்ததே தவிர, ஆக்சிஜன் சொல்லும்படி கூடவில்லை. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மேலே வரும்போதுதான் பெரிய ஆபத்து. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கடைசி 10 மீட்டரில் நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதுவரை தெளிவாக இருந்தவர்கூட அங்கே நினைவிழக்கலாம்.

இப்போது 15 மீட்டரோடு திரும்புகிறேன். மூழ்கிய நேரத்தைப் போல இரு மடங்காவது மேலே ஓய்வு. நான் தலையைத் தூக்கியபின்னும் 30 விநாடி, என்னோடு பாதுகாப்புக்கு வரும் துணை மூழ்காளர் என் முகத்தையே பார்க்கிறார். நேற்று என் உதடு நீலம் பாய்ந்திருந்ததைக் கண்டது அவர்தான். எனக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. அத்தோடு கரையேறிவிட்டோம். 20 மீட்டர் இப்போதைக்கு இல்லை.